ஒரு 'ளி'யைத் திருத்திய ஆறு பேர்

எதிர்த்த லாட்ஜ் கதவுக்கு இன்று காலை பச்சை எனாமல் அடிக்கிறார்கள். சாரல் ஈரத்தோடு அந்த வாடை என் பழக்கடைக்குள் வந்ததும் உன் ஞாபகம்தான். நீ போய்ச்சேர்ந்து இரண்டு சீசன் ஆகிவிட்டது. குற்றாலத்தில் எந்தக் கதவுக்கு என்ன நிறம் என்பதை உன் சட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். அப்படி ஒரு பெயின்டர் நீ.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பிளஸ் டூ படித்த என் மகன் கூட்டாளிகளோடு பீர் குடித்தான் என்று தெரிந்து நான் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அடிக்க மனம் வரவில்லை, பேசவும் தெரியவில்லை. நீதான் தெரு ஆட்களை ஒன்றுகூட்டிப் பேசினாய். சின்னப் பயல்கள் கேட்டால் பாட்டில் வாங்கிக் கொடுப்பதில்லை என்று லாட்ஜ்காரர்களும் எண்ணெய் தேய்ப்பவர்களும் ஆட்டோக்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள். போர்டு எழுதுவது உன் பொறுப்பு.

எழுதினாய். அருவியில் வெள்ளம் வரும்போதெல்லாம் ஒரே வாசகத்தை எழுதிப் பழகிய கை அல்லவா? 'இருபத்தொரு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் குளிக்கத் தடை' என்று கொட்டை எழுத்தில் நின்றது. அதுவும் குற்றாலத்தில்!

பயல்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "அண்ணாச்சி, அப்போ நாங்க நாறிக்கிட்டுத்தான் அலையணுமா?" என்று கேட்டவன் என் மகன். நீயும் சிரித்துவிட்டு, "நீயே திருத்துலே" என்று பிரஷைக் கொடுத்தாய். ஒரு 'ளி'யை 'டி' ஆக்க அவனும் கூட்டாளிகளுமாக ஆறு பேர் ஏணியில் ஏறினார்கள்.

அன்றைக்கு அவர்களுக்குப் பீர் யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. நீ என் தோளை அமுக்கினாய். "விசாரணைய பொறவு வச்சிக்கிடலாம்லே. மொதல்ல பெயின்ட் காயட்டும்."

காய்வதற்குள் அவர்களே எல்லாவற்றையும் சொன்னார்கள். அடுத்த சீசனில் சின்னவர்களிடம் பேசும் வேலையையும் அந்த ஆறு பேரே எடுத்துக்கொண்டார்கள். "நீங்க சொன்னா ஒளிவானுவ, நாங்க சொன்னா கேப்பானுவ" என்றான் மகன். பெருமையில் அன்றைக்கு நான் கண்கலங்கியதை வைத்து நீ ஒரு மாதம் கேலி செய்தாய்.

போன வாரம் இலத்தூரில் அவன் கூட்டாளி வீட்டுக் கல்யாணம். மத்தியானம் போன் வந்தது. "அப்பா, இங்கன ஊத்திக் குடுத்துட்டு விட மாட்டேங்கானுவ. வந்து கூட்டிட்டுப் போறியா?"

பைக்கை எடுத்தேன். வாயில் ஆயிரம் கேள்வி, ஒன்றையும் கேட்கவில்லை. அந்தப் பொறுமை உன்னிடமிருந்து வந்தது. குத்துக்கல்வலசை தாண்டியதும், பின்னால் உட்கார்ந்திருந்தவன் தானாகவே பேச ஆரம்பித்தான். வீடு சீக்கிரம் வந்துவிடக் கூடாதே என்று வண்டியை மெதுவாக ஓட்டினேன்.