காற்று இருமியது

என் பிரியமானவளே,

நலம்தானே? உன் வார்டில் ஆள் கூட்டினார்களா, இல்லை நாற்பது நோயாளிக்கு இன்னும் நீ ஒருத்திதான் நர்ஸா?

பட்டறையில் ஐம்பூதச் சிற்பங்கள் முடிந்து, சிமெண்ட் கம்பெனி வாசலில் நிறுத்தியாகிவிட்டது. காகிதத்தில் படம் போட்டவர் சிற்பி. ஐந்து மாதம் கொத்திய நாங்கள் ‘பசங்க’. நிலம், நீர், நெருப்பு, வானம் நான்கும் சுலபம். காற்றுதான் பிராணனை வாங்கியது. இரண்டாள் உயரக் கல்லுக்குள் நுழைந்து குடைய வேண்டும். முகமூடி கேட்டோம். “கல்லு உங்கள என்னடா பண்ணும்?” என்றார் பட்டறை முதலாளி. அவர் அறைக் கதவிடுக்கில் மட்டும் தூசி புகாமல் ரப்பர் பட்டை.

திறப்பு விழாவன்று காற்றுச் சிற்பத்துக்குள் கடைசி மூலையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். விருந்தாளிகள் முன்னதாகவே வந்து தொலைத்தார்கள். முதலாளி துளையில் வாயை வைத்து, “அந்தச் சட்டையோட வெளிய வந்து மானத்த வாங்காத, உள்ளயே கிட” என்றார். கிடந்தேன். காற்றின் தூய்மை பற்றிச் சிற்பி இருபது நிமிடம் பேசினார். நான் பதினெட்டு வரை தாக்குப்பிடித்தேன்.

இருமினேன். குடைந்த கல் அல்லவா, யானை இருமியது போல் கேட்டது. ஒரு பெண்மணி கைப்பையைக் கீழே போட்டுவிட்டார். சிற்பி ஒரு நொடிதான் முழித்தார். “கேட்டீங்களா? மாசுபட்ட காற்றோட குரல்!” என்றார். ஒரே கைதட்டல். எனக்கும் நிற்கவில்லை, அவர்களுக்கும் நிற்கவில்லை.

பிறகு சிற்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “தினமும் ரெண்டு வேளை வந்து இருமிட்டுப் போங்க தம்பி. மருந்து கிருந்து சாப்பிட்டுடாதீங்க” என்றார். முதலாளி வேலையை நிரந்தரமாக்குகிறாராம். ஆறு வருஷம் கொத்தியதற்குக் கிடைக்காதது!

கூட வேலை செய்யும் உன் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். “மாமா, உங்க நுரையீரலுக்கு உத்தியோகம் கெடச்சிருச்சு” என்றான். பிறகு என் கைக்குட்டையைப் பிடுங்கிப் பார்த்தான். அதன்பின் சிரிக்கவில்லை.

சிற்பியிடம், “நீங்களே அஞ்சு மாசம் உள்ள இருந்து பாருங்க சார், தானா வரும்” என்று சொல்லிவிட்டேன். நிரந்தரமும் போயிற்று.

இரண்டு மாதமாக என் போன் கெட்டுக் கிடக்கிறது என்றேனே, பொய். பேசினால் இடையில் உன் காதில் விழுந்துவிடும்.

புதன்கிழமை எக்ஸ்ரே எடுக்கப் போகிறேன். உன் தம்பி துணைக்கு வருகிறான். எங்கள் இருவருக்கும் கல்லில் விரிசல் பார்க்கத் தெரியும், அந்தப் படத்தில் பார்க்கத் தெரியாது. இரண்டு நாள் விடுப்புக் கேட்டுப் பாரேன்.

நீ வைத்த பெயரோடு,
உன் கல்லுளிமங்கன்