சீட் மூக்கும் ஐந்து சென்டிமீட்டரும்

மார்ச் 3, செவ்வாய்

அச்சகத்திலிருந்து களைத்து வந்து கதவைத் திறந்தால், சோபாவில் நான் உட்காரும் இடத்தில் ஒரு சக்கரம் உட்கார்ந்திருக்கிறது. கம்பியே இல்லாத சக்கரம். முழுக் கறுப்புத் தட்டு. இவர் எதிரே தரையில் சம்மணமிட்டு, டயர் ஒட்டுகிற பசையைச் சின்னத் தூரிகையால் தடவிக்கொண்டிருந்தார். குளியலறைக் குழாய் சொட்டுகிறது என்று நான் சொல்லி ஐந்து வாரம் ஆகிறது.

"கை வைக்காத, இன்னும் காயல," என்றார். வரவேற்பு அவ்வளவுதான்.

பந்தய ஓடுதளத்தில் ஓட்டுகிற இந்த சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. இருக்கவே கூடாது என்பது விதி. சக்கரம் சுற்றுகிற வரை பெடலும் சுற்றும், காலைச் சும்மா வைத்திருக்க முடியாது. முதன்முதலில் இதை எனக்கு விளக்கியபோது ஏதோ அதிசயம்போலச் சொன்னார். இருபத்திரண்டு வருடமாக இந்த வீட்டை நான் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

நியாயமாக ஒன்றையும் எழுதிவிட வேண்டும். பகலெல்லாம் லிஃப்ட் குழிக்குள் இறங்கிப் பழுது பார்த்துவிட்டு, வாரத்தில் நான்கு நாள் ஓடுதளத்தில் சுற்றுகிற மனிதர். நவம்பரில் ஐம்பது ஆகிறது. ஐம்பது ஆனால் வேறு பிரிவு; மூவாயிரம் மீட்டர் துரத்தல் போய் இரண்டாயிரம் ஆகிவிடும். துரத்தல் என்றால் ஓடுதளத்தின் எதிரெதிர்ப் பக்கத்தில் இருவரை நிறுத்தி ஒருவரை ஒருவர் துரத்த விடுவது. மண்டலப் போட்டிக்கு எங்கள் கிளப்பிலிருந்து ஒருவர்தான் போகலாம். ஆறு வருடமாக இவர் இரண்டாவது. முதலாவதாக வந்துகொண்டிருந்தவர் முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீட்டில் படுத்திருக்கிறார். ஆக, இந்த வருடம் விட்டால் இல்லை. தேர்வுப் பந்தயம் 29ஆம் தேதி.

இதையெல்லாம் அவர் வாயால் சொல்லவில்லை. காலண்டரில் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வட்டம்.

மார்ச் 8, ஞாயிறு

நான் அதிகாரி ஆகிவிட்டேன்.

கிளப் கூட்டம். பந்தயத்துக்கு முன் சைக்கிள்களைச் சோதிக்கிறவர் வேலை மாறிப் போய்விட்டாராம். செயலாளர் விதிப்புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, இதை முழுதாகப் படித்தவர்கள் கை தூக்குங்கள் என்றார். (தூங்கும்போதும் கழுத்தில் விசில் தொங்கும் என்று நினைக்கிறேன். நான் அவருக்கு வைத்திருக்கும் பெயரும் விசில்தான்.) முப்பது பேரும் மேற்கூரையை ஆராய்ந்தார்கள். தூக்கியது ஒரே கை. சைக்கிள் ஓட்டவே தெரியாத என் கை.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற துண்டுத்தாளில் பிழை திருத்துவது என் பிழைப்பு. எந்தக் காகிதம் கையில் கிடைத்தாலும் கடைசி வரி வரை படித்துவிடுவேன். ஆறு வருடம் பார்வையாளர் வரிசையில் காத்திருந்தபோது கையில் கிடைத்தது அந்தப் புத்தகம்தான்.

"அப்போ அண்ணனுக்கு இனிமே கவலையில்ல," என்று பல் டாக்டர் இவரைப் பார்த்துக் கண்ணடித்தார். துரத்தலில் இவருக்கு அடுத்து வருகிறவர். சிரித்தால் முப்பத்திரண்டும் தெரியும், தொழில் விளம்பரம்.

அந்தக் கண்ணடிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பார்த்துக்கொள்கிறேன்.

மார்ச் 14, சனி

விதிப்புத்தகம், இரண்டாம் முறை. எழுதியவர்கள் சிரிக்காமல் எழுதியிருக்கிறார்கள், அதற்கே ஒரு பதக்கம் தரலாம்.

காலுறை, கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுப்பாதியைத் தாண்டி மேலே ஏறக் கூடாது. ஆக, வளர்ந்த ஆண்பிள்ளைகளின் கெண்டைக்காலை நான் குனிந்து அளக்க வேண்டும். வேகம் காட்டும் கருவி கண்ணில் படும்படி இருக்கக் கூடாது. எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்று தெரியாமலே உயிரை விட்டு மிதிக்க வேண்டும். கைப்பிடிக் குழாயின் இரண்டு முனையும் அடைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் விழும்போது அடுத்தவர் தொடையில் வட்டமாகத் துளை போட்டுவிடும். இது ஒன்றுதான் எனக்குப் புரிந்த விதி.

அப்புறம் பெரிய விஷயம்: ஐந்து சென்டிமீட்டர். சீட்டின் மூக்கு பெடல் அச்சுக்கு நேர் மேலே இருக்கக் கூடாது. அந்தக் கோட்டிலிருந்து ஐந்து சென்டிமீட்டராவது பின்னால் இருக்க வேண்டும். முன்னால் தள்ளி உட்கார்ந்தால் உடம்பு நன்றாக மடங்கிக் காற்றுக்கு வழி விடுமாம். அதனால் வேகத்துக்கு ஆசைப்படுகிற ஒவ்வொருவரும் ஐந்தை ஒட்டி, ஒரு மயிரிழை விட்டு நிறுத்துகிறார்கள். அந்த மயிரிழைக்குக் காவல் நான்.

எப்படி அளப்பது என்று இவரிடம் கேட்டேன். கருவிப் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்துக் கொடுத்தார். நூலில் தொங்கும் பித்தளைக் குண்டு. லிஃப்ட் தண்டவாளம் நேராக நிற்கிறதா என்று பார்ப்பது. "இது பொய் சொல்லாது," என்றார். சமையலறையில் தன் சைக்கிளை நிறுத்தி, சீட் மூக்கிலிருந்து நூலைத் தொங்கவிட்டு என்னையே அளக்கச் சொன்னார். ஐந்து புள்ளி ஒன்று. பத்து நிமிடம் வாத்தியார் வேலை பார்த்தார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

மார்ச் 21, சனி

காலையில் ஓடுதளம். மாலையில் ஓடுதளம். குழாய் சொட்டுகிறது.

மார்ச் 29, ஞாயிறு

எழுதிவிட்டால் ஆறும். வரிசையாக எழுதுகிறேன்.

காலையிலிருந்து மழை. ஓடுதளத்துக்குக் கூரை உண்டு, சோதனை மேசை போடும் முற்றத்துக்கு இல்லை. அதனால் பார்வையாளர் படிகளுக்குக் கீழே சைக்கிள் கழுவுகிற அறையில் மேசையைப் போட்டார்கள். எல்லா சைக்கிளும் வாசலைப் பார்த்து நிற்கும், ஒருவர் பிடித்துக்கொள்வார், நான் நூல் விட்டு அளப்பேன்.

இவர் மூன்றாவதாக நின்றார். கடைசிக்குப் போங்கள் என்றேன். வீட்டுக்காரரை முன்னால் விட்டாள் என்று ஒரு வாய் பேசக் கூடாது. மறுபேச்சுப் பேசாமல் போனார். முப்பது பேரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

இரண்டு பேர் ஐந்தைத் தொடவில்லை. முனகிக்கொண்டே சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார்கள். பல் டாக்டருக்கு ஐந்து புள்ளி நான்கு, பத்திரமான ஆள். கடைசியாக இவர். நான்கு புள்ளி இரண்டு. நூலை நிறுத்தி மறுபடி அளந்தேன். அதே நான்கு புள்ளி இரண்டு.

"வீட்ல நீயே அளந்தியே. அஞ்சுக்கு மேல இருந்துச்சு."

"வீட்ல இருந்துச்சு. இங்க இல்ல. நடுவுல யார் நகத்தினது?"

தலை குனிந்து தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அகப்பட்டுக்கொண்டவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். பெண்டாட்டிதானே மேசையில் இருக்கிறாள் என்று ஒன்பது மில்லிமீட்டரை முன்னால் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்! பல் டாக்டரின் கண்ணடிப்புக்கு அர்த்தம் அன்றே இவருக்குப் புரிந்திருக்கிறது, எனக்குத்தான் தாமதம்.

"சரி, தள்ளிக்கிறேன்," என்று போல்ட் திருகும் சாவியை எடுத்து மண்டியிட்டார். அதற்குள் ஒலிபெருக்கியில் இவருடைய எண் இருபத்தேழு, முதல் அழைப்பு. அவசரத்தில் சாவி வழுக்கி சீட் போல்ட்டின் தலை மழுங்கிவிட்டது. இரண்டாம் அழைப்பு. வேறு சாவி, இடுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். போல்ட் அசையவில்லை. மூன்றாம் அழைப்பு வந்தபோதும் மண்டியிட்டபடியேதான் இருந்தார். மூன்றாவதோடு சரி. அவர் எண்ணுக்கு எதிரே 'வரவில்லை' என்று எழுதினார்கள். பத்தடி தூரத்தில் இருந்தார்.

துரத்த ஆளில்லாமல் பல் டாக்டர் தனியாக ஓட்டினார். நான்கு நிமிடம் ஆறு வினாடி. போன வாரப் பயிற்சியில் இவர் மூன்று ஐம்பத்தெட்டு.

முடிவில் விசில் மைக்கைப் பிடித்து, சொந்த வீட்டுக்காரரையே விடாத அதிகாரி நமக்குக் கிடைத்திருக்கிறார் என்றார். கை தட்டினார்கள். எழுந்து வணக்கம் சொன்னேன். பொய் எழுதக் கூடாது: அது எனக்குப் பிடித்திருந்தது.

மார்ச் 30, திங்கள்

சோபாவிலிருந்து சக்கரம் போய்விட்டது. கால் நீட்டி உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 4, சனி

நாத்தனார் தொலைபேசியில் கூப்பிட்டாள். "என்ன அண்ணி, அண்ணனுக்கு நீங்களே ஆப்பு வச்சுட்டீங்களாமே?" விதி என்றால் விதி என்று அரைமணி நேரம் அவளுக்கு வகுப்பு எடுத்தேன். நடுவில் வைத்துவிட்டாள் போலிருக்கிறது, கடைசியில் நான் மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

இவர் ஓடுதளத்துக்குப் போவதில்லை. சைக்கிள் படுக்கையறை மூலையில் அந்த மழுங்கிப்போன போல்ட்டோடு அப்படியே நிற்கிறது. சாப்பிடுகிறார், தூங்குகிறார், கேட்டதற்குப் பதில் சொல்கிறார்.

குளியலறைக் குழாயைச் சரிசெய்துவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 12, ஞாயிறு

சைக்கிள் கழுவும் அறையிலேயே தூக்குக்குண்டை மறந்து வைத்துவிட்டிருந்தேன். எடுக்கப் போனேன். துப்புரவு செய்கிற அம்மா ஒரு வாளித் தண்ணீரை உள்மூலையில் கொட்டினார். தண்ணீர் என் செருப்பைத் தாண்டி, வாசலோரம் இருக்கிற வடிகாலுக்கு நேராக ஓடியது. யாரும் தள்ளவில்லை. தானாக ஓடியது.

நான் நின்றுவிட்டேன்.

"தரை சாய்வா இருக்கா?"

"தண்ணி நிக்காம இருக்க சாய்ச்சுத்தானேம்மா போடுவாங்க. இது தெரியாதா?"

தெரியாது. முப்பது சைக்கிளையும் வாசலைப் பார்த்து, பள்ளத்தைப் பார்த்து நிறுத்தி அளந்த அதிகாரிக்கு இது தெரியாது.

வீட்டுக்கு ஓடினேன். இவர் ஞாயிறு வேலைக்குப் போயிருந்தார். கருவிப் பையில் தரையின் மட்டம் காட்டும் ரசமட்டம் இருந்தது. சமையலறைத் தரையில் வைத்தேன், குமிழி நட்டநடுவில். சைக்கிளைக் கொண்டுவந்து அளந்தேன். போல்ட் கெட்டுப்போனதால் அன்றைக்கு நின்ற இடத்திலேயே சீட் நிற்கிறது, யாரும் தொட முடியாது. ஐந்து புள்ளி ஒன்று.

இரண்டு தெரு தள்ளிக்கொண்டே கழுவும் அறைக்குப் போனேன். அந்த அம்மா பிடித்துக்கொண்டார். வாசலைப் பார்த்து: நான்கு புள்ளி இரண்டு. சைக்கிளைத் திருப்பி உள்பக்கம் பார்த்து: ஆறு.

இவர் நகர்த்தவில்லை. ஒரு மில்லிமீட்டர்கூட நகர்த்தவில்லை.

அன்று ஐந்தைத் தொடாத அந்த இரண்டு பேரும் பிழைத்தார்கள், முன்னால் நின்றதால் நேரம் இருந்தது. கடைசியில் நின்றவருக்கு நேரம் இல்லை. கடைசிக்கு அனுப்பியது யார்? ஊர் மெச்ச வேண்டுமென்று சத்தமாக அனுப்பியது யார்?

ஏப்ரல் 13, திங்கள்

விசிலிடம் சொன்னேன். பட்டியல் மண்டலத்துக்குப் போய்விட்டதாம். "இப்பப் போய் எதுக்குக் கிளறறீங்க? உங்க பேர்தான் கெடும்." என் பெயர்மேல் அவருக்கு இத்தனை அக்கறை இருப்பது இன்றுதான் தெரிந்தது.

பல் டாக்டரையும் போய்ப் பார்த்தேன். கையுறையைக் கழற்றாமலே கேட்டார். தான் ஓட்டிய நேரம் தான் ஓட்டியதுதானே, தரை சாய்ந்ததற்குத் தான் என்ன செய்ய முடியும் என்றார். அதுவும் உண்மைதான். உண்மையைச் சொல்கிறவர்களிடம் கோபப்பட முடியவில்லை, அதுதான் எரிச்சல்.

இனி ஒருவரிடம்தான் சொல்ல வேண்டும். இரண்டு நாளாக உப்புப் போட மறக்கிறேன்.

ஏப்ரல் 15, புதன்

சொல்லிவிட்டேன். ரசமட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன், சாட்சி மாதிரி.

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"தரை சாய்வுன்னு. உள்ள வந்ததுமே தெரிஞ்சுது. லிஃப்ட் மாட்டறவன் காலுக்குத் தெரியாதா?"

தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாரே. தரையைத்தான் பார்த்திருக்கிறார்!

கத்தினேன். தெரிஞ்சும் ஏன் சொல்லல? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா என்ன? ஆறு வருஷம் சுத்தினது எதுக்கு? இனிமே ஏது மூவாயிரம் மீட்டர்? நான் பாட்டுக்குக் கை தட்டல் வாங்கிட்டு உக்காந்திருந்தேனே!

அவர் கத்தவில்லை. "மொத நாள் உனக்கு. முப்பது பேர் நின்னாங்க. அளவு தப்புன்னு சொன்னா உன் மானம் போயிடும். ரெண்டு நிமிஷ வேலைதானே, பின்னால தள்ளிட்டு ஓட்டிடலாம்னு நெனச்சேன். போல்ட் காலை வாரிடுச்சு."

பிறகு, "பந்தயம் போனா போவுது. நடுவுல யார் நகத்தினதுன்னு கேட்ட பாரு," என்றார். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

மார்ச் 29ஐத் திருப்பிப் படித்தேன். அகப்பட்டுக்கொண்டவர்கள் அப்படித்தான் நிற்பார்களாம். அந்த வரியை அடித்துவிடக் கை வந்தது. அடிக்கவில்லை, கிடக்கட்டும். ஊராரின் பிழையைத் திருத்திச் சாப்பிடுகிறவள் இதையும் படித்துக்கொண்டு இருக்கட்டும்.

ஏப்ரல் 18, சனி

கிளப் பலகையில் ஒட்டிவிட்டேன். விசிலிடம் கேட்கவில்லை. "29ஆம் தேதி சாய்வான தரையில் அளந்தேன். எல்லா அளவும் ஒன்பது மில்லிமீட்டர் குறைவு. எண் 27இன் சைக்கிள் விதிப்படி சரியாக இருந்தது. அவர் எதையும் நகர்த்தவில்லை. தவறு என்னுடையது." கீழே கையெழுத்து. மூன்று முறை பிழை பார்த்தேன். என் பெயர் முதல் தடவையாகச் சரியான இடத்தில் அச்சாகியிருக்கிறது.

இரண்டு பேர் படித்துவிட்டுச் சிரித்தார்கள். கை தட்டியவர்கள்தான்.

ஏப்ரல் 26, ஞாயிறு

மாதாந்திரக் கிளப் பந்தயம். இதில் ஜெயித்தால் எங்கும் போக முடியாது, ஒரு தேநீர் கிடைக்கும். இவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். புது போல்ட் மாட்டிக்கொண்டு வந்தார்.

முற்றத்தில் மேசை. முதலில் தரையில் ரசமட்டத்தை வைத்தேன், எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் கிண்டலடித்தார், நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். இவர் மூன்றாவதாக வந்தவர், தானாகவே கடைசிக்கு நடக்க ஆரம்பித்தார்.

"மூணாவதா வந்தவங்க மூணாவதா நிக்கணும்," என்றேன். நின்றார்.

நூலை விட்டு அளந்தேன். ஆறு. சரியாக ஆறு.

"எதுக்கு இவ்ளோ பின்னால?"

"எதுக்கு வம்புன்னுதான்."

விதிப்படி ஆறு தவறில்லை, சோதித்தாயிற்று என்று சீட்டு ஒட்டி அனுப்பியிருக்கலாம். சோதிப்பவர் ஓட்டுகிறவருக்கு யோசனை சொல்லக் கூடாது என்று அதே புத்தகத்தில் ஒரு வரியும் இருக்கிறது, நாற்பத்தோராம் பக்கம். என் மேசையிலிருந்த சாவியை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"ஒம்போது மில்லி முன்னால தள்ளுங்க. நேரம் இருக்கு, நான் பிடிச்சுக்கறேன்."

என்னைப் பார்த்தார். குமிழியைப் பார்த்தார். பிறகு குனிந்து போல்ட்டைத் தளர்த்தினார்.

மண்டலப் போட்டிக்குப் பல் டாக்டர்தான் போகிறார், அதில் மாற்றம் இல்லை. இன்று அவர் நான்கு நிமிடம் நான்கு வினாடி. இவர் மூன்று ஐம்பத்தேழு. எண் இருபத்தேழை ஒரு முறைதான் கூப்பிட்டார்கள்.

சக்கரம் மறுபடி சோபாவில். நான் கீழே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.