ஐந்து மீட்டரில் பதினோரு நிமிடம்

கோபித்துக்கொண்டு போனவளுக்கு,

நீ காராகோல் நகருக்குப் போய் ஒன்பது நாள். இசிக்குல் ஏரி நன்றாக இருக்கிறது. நானும்தான்.

இன்று முக்குளித்து மேலே வரும்போது, உடம்பு அழுத்தம் மாறுவதற்குப் பழக, வழக்கம்போல ஐந்து மீட்டர் ஆழத்தில் நின்றேன். மூன்று நிமிடம் போதும். பதினோரு நிமிடம் நின்றுவிட்டேன். சிலிண்டரில் காற்று தீர்ந்துகொண்டிருந்தது. தலைக்கு மேலே படகு தெரிந்தது. அதில் உன் இடம் காலி.

நீருக்கு மேல் தலை தெரிந்ததும் உன் தம்பி எர்மெக் கத்தினான்: "மூணு நிமிஷம் நில்லுங்கன்னா அங்கயே குடித்தனம் வச்சிட்டீங்களா மச்சான்? அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

கடிகாரம் நின்றுவிட்டது என்றேன். அது நன்றாகத்தான் ஓடுகிறது.

முக்குளித்து மேலே வந்தவன், நலம் என்பதற்கு அடையாளமாகத் தன் உச்சந்தலையில் கைவைத்துப் படகுக்குக் காட்ட வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் நீ தேநீர் ஊற்றுவாய். இன்று எர்மெக் தன் பாட்டுக்கு ஊற்றிவிட்டான். நான் கைவைக்கவே இல்லை.

இப்படிக்கு,
இன்னும் மேலே வராதவன்