ஞாயிறு வரை போட்ட டிக்

வியாழன், மாலை 5.10

அண்ணா,

முதலில் என் தவறு. அப்பாவின் மாத்திரை அட்டவணையில் ஞாயிறு வரைக்கும் டிக் போட்டுவிட்டேன். இன்று காலையும் மதியமும் மட்டும்தான் கொடுத்தேன். அட்டவணையை நம்பாதே, இரவு மாத்திரை டப்பாவில் அப்படியே இருக்கிறது.

மறதியால் இல்லை. காலையில் ஒரு டிக் போட்டதும் கை நிற்கவில்லை. அந்த நாட்களும் முடிந்துவிட்ட மாதிரி அரை நிமிடம் நிம்மதியாக இருந்தது. அப்புறம் என்னைப் பார்த்து எனக்கே பயம்.

அப்பா பார்த்துவிட்டார். "ஏம் பாப்பா, ஞாயித்துக்கிழம வரைக்கும் தாக்குப்பிடிச்சிட்டேனா?" என்று சிரித்தார். நான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

சூப் அடுப்பின்மேல் இருக்கிறது. உப்புப் போட்டேனா என்று சந்தேகம். ருசி பார்த்துவிட்டுக் கொடு.

"முடியலன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே!" என்று நேற்றுக் கத்தினாய். வகுப்புக்குக் கிளம்பும் முன் சொல்லிவிடுகிறேன். முடியவில்லை, அண்ணா.

பி.கு.: டிக்குகளை அழித்துப் பார்த்தேன், தாள் கிழிந்துவிட்டது. புதிதாகக் கோடு போட்டு ஒட்டியிருக்கிறேன். நாளைக் காலை எட்டு மணி மாத்திரையை நீ கொடுத்துவிட்டு டிக் போடு. என்னை எழுப்பாதே.