முகத்துவாரத்தில் ஒரு டார்ச் வெளிச்சம்

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நலம். சின்னவன் நடக்கத் தொடங்கிவிட்டான்.

நேற்று கோட்டுச்சேரியில் என்னைப் பார்த்ததும், இறங்கிய பஸ்ஸிலேயே மறுபடி ஏறிக்கொண்டீர்கள். நான் கூப்பிடுவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

அன்று ராத்திரி சிநேகிதர்கள் மூவரும் அரசலாற்று முகத்துவாரத்துக்கு வலை வீசப் போனீர்கள். கல்லில் மாட்டிய வலையை எடுக்கச் சின்னவனின் அப்பா தண்ணீரில் இறங்கினார். டார்ச் உங்கள் கையில் இருந்தது. "நான் வெளிச்சத்தைச் சரியாக் காட்டியிருந்தா அவனுக்குக் கரை தெரிஞ்சிருக்கும்" என்று நீங்கள் இன்னும் அழுவதாக வைத்தியலிங்கம் அண்ணன் வந்து சொன்னார்.

அன்று நான் கரைக்கு ஓடி வந்தபோது ஊரே டார்ச்சோடு தேடிக்கொண்டிருந்தது. நேரம் ஆக ஆக எல்லா வெளிச்சமும் கரையேறிவிட்டது. ஒன்று மட்டும் தண்ணீரிலேயே அலைந்தது. "சொன்னா கேக்க மாட்டேங்குறாரும்மா, கழுத்தளவு தண்ணில நிக்கிறாரு" என்று உங்களைக் காட்டிச் சொன்னார்கள். அது மஞ்சளாகி மங்கும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை. அது தெரிந்தவரை அவர் திரும்பி வருவார் என்றே நம்பினேன். விடிந்த பிறகு பட்டினச்சேரிக் கரையில் அவர் கிடைத்தார்.

யாரும் உங்களைக் குறை சொல்லவில்லை அண்ணா. அவரைப் பெற்ற அத்தைகூடச் சொல்லவில்லை.

ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து சாப்பிட வாருங்கள். வீட்டில் இப்போது மீன் வாங்குவதில்லை, சாம்பார்தான். சின்னவன் ஆண்கள் யார் வந்தாலும் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்கிறான். நீங்கள் வந்து கொஞ்ச நேரம் அவனைத் தூக்கி வைத்திருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி