அவசர மணி

லண்டன், வியாழக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு எசினாம் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நம் ஊர் ஹோவில் மழை பிடித்துவிட்டதா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது. எங்கள் பிரசவ வார்டில் ஹோதன் என்ற, நம்மைப் போல் கறுப்பினத்துச் சோமாலியாக்காரப் பெண், குழந்தை பிறந்த பிறகும் வலியில் துடித்தாள். டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் கறுப்புப் பொம்பளைங்க எப்பவும் இப்படித்தான் கத்துவாங்க. நீ உன் வேலையைப் பாரு" என்றார். நான் போர்வையைத் தூக்கினேன். அடியில் ஒரே ரத்தம். அவரைக் கேட்காமல் அவசர மணியை அழுத்திவிட்டேன். பெரிய டாக்டர்கள் ஓடி வந்தார்கள். ஹோதன் பிழைத்துக்கொண்டாள்.

டாக்டர் பேச்சை மீறினேன் என்று இருபதாம் தேதி என்னை விசாரிக்கப் போகிறார்கள். வேலை போனால் விசாவும் போய்விடும். வார்டின் கதவு திறக்கும்போதெல்லாம் என்னைத்தான் கூப்பிட வருகிறார்களோ என்று திரும்பிப் பார்க்கிறேன்.

எங்களில் மூத்த நர்ஸ், ஜமைக்காவிலிருந்து வந்த வெல்மா அக்கா. "முப்பது வருஷமா இதையெல்லாம் பாத்துட்டு வாயை மூடிட்டு இருந்தேன்டி. விசாரணை அன்னிக்கு நானும் வந்து சொல்றேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் என் தோழி மாவுசி அடுத்த வாரமே லண்டனுக்குத் திரும்புகிறாள். விசாரணையில் காட்ட என் நர்ஸ் படிப்புச் சான்றிதழையும், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு பாட்டில் ஷிட்டோ மிளகாய்த் தொக்கையும் அவளிடம் கொடுத்தனுப்புங்கள். சான்றிதழ் எதற்கென்று அப்பாவிடம் சொல்ல வேண்டாம். நீங்கள் தலையில் கட்டும் துணி ஒன்றையும் வையுங்கள். துவைக்காமல் வையுங்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்
எசினாம்