முதலில் நின்றது பள்ளிக்கூடம்

செப்டம்பர் 2, செவ்வாய்

கச்சான் காற்று. கண்ணெல்லாம் மணல். ஈச்சிலம்பற்றுப் பக்கம் தாய்மாரையும் பிள்ளைகளையும் பார்க்க ஆறு வீடு. ஸ்கூட்டி பாதி வழியில் நின்றுவிட்டது, மிச்சத் தூரம் உருட்டினேன்.

கடைசி வீடு தர்சினியுடையது. பிள்ளைக்கு எட்டு மாதம், நிறை நல்லது. தாய்க்குப் பதினெட்டு வயது நிரம்புவதே அடுத்த மாதம்தான். பிள்ளையின் தகப்பன் வீதி வேலைக்கு வந்தவன். வேலை முடிந்ததும் போய்விட்டான்.

படிப்பை ஏன் விட்டாய் என்று கேட்டேன். இத்தனை மாதம் வந்துபோயும் கேட்காத கேள்வி.

"நான் விடேல்லை மிஸ். பஸ் நிண்டது. பிறகு வீட்டிலதான். கதைக்கவும் ஆள் இல்லை. அவர்தான் வந்து கதைப்பார்."

வெள்ளத்தில் வீதி உடைந்தபோது பஸ்ஸை நிறுத்தினார்கள். வீதியைத் திருத்தினார்கள், பஸ் திரும்பி வரவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்பதாம் ஆண்டோடு முடிகிறது. மேலே படிக்க அந்த பஸ்தான்.

வெளிக்கிடும்போது தர்சினியின் அம்மா படலைவரை வந்தா. இளையவள் மதுராவுக்குக் கலியாணத்துக்கு இடம் பார்த்திருக்கிறார்களாம். மதுராவுக்குப் பதினைந்து, ஒன்பதாம் ஆண்டோடு வீட்டில்.

"பதினெட்டுக்கு முன்னம் பதிய ஏலாது, தெரியும்தானே?"

"பதியிறதைப் பிறகு பாப்பம் மிஸ். மூத்தவளைச் சும்மா வீட்டில வைச்சிருந்து நான் பட்டது காணும்."

கோபம் வந்தது. ஆனால் அவவின் பயத்தில் பொய் இல்லை.

செப். 3, புதன்

கிளினிக் நாள். சனம். தராசு சரியாக வேலை செய்யவில்லை.

பி.ப. ஆட்கள் போனபின் பதிவேட்டைத் திறந்தேன். பதினெட்டு வயதுக்கு முன் தாயானவர்களின் பெயர்கள் மட்டும். ஒவ்வொன்றுக்கும் நேரே பென்சிலால் இரண்டு விடயம்: பள்ளிக்கூடம் எப்போது நின்றது, கர்ப்பம் எப்போது. தெரியாததைப் போனில் கேட்டேன். இரண்டு வீட்டுக்கு நேரே போனேன்.

எல்லோருக்கும் ஒரே ஒழுங்கு. முதலில் பள்ளிக்கூடம் நின்றது. பிறகுதான் பிள்ளை.

வயிற்றில் பிள்ளை வந்ததால் படிப்பை விட்டார்கள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். பன்னிரண்டு வருடமாக இந்த ஊர்களில் மருத்துவமாது. என் கையெழுத்தில்தான் எல்லாம் கிடந்திருக்கிறது.

செப். 9, செவ்வாய்

எங்கள் சுகாதார வைத்திய அதிகாரி டொக்டர் முருகதாசிடம் பதிவேட்டைக் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தார்.

"வியாழக்கிழமை டவுனில மாவட்ட அதிகாரிகளின்ர கூட்டம். அதில நீங்களே சொல்லுங்கோ."

"நானோ? அதில பெரிய ஆக்கள்தானே கதைக்கிறது, டொக்டர்."

"பதிவேடு உங்கட. கேள்வி கேட்டா மறுமொழியும் உங்களிட்டத்தான் இருக்கு."

சொல்ல வேண்டியது:
– பஸ். காலை 6.30, பி.ப. 2.15.
– ஒரு பிள்ளை இரண்டு கிழமை தொடர்ந்து வராவிட்டால் அதிபர் எனக்கு ஒரு போன் எடுக்க வேண்டும்.
– உடம்பைப் பற்றிய பாடத்தை "வீட்டில வாசியுங்கோ" என்று தாண்டக் கூடாது. எனக்கும் அப்படித்தான் தாண்டினார்கள்.
– பெயர்களை மறைக்க வேண்டும். மறக்கக் கூடாது.
– வெள்ளைச் சீருடை தோய்க்க. சவர்க்காரம் முடிந்துவிட்டது.

செப். 11, வியாழன்

கூட்டம். யன்னலுக்கு வெளியே துறைமுகம், ஒரு சாம்பல் கப்பல். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் விடயம் வந்ததும் ஒரு அதிகாரி, "விழிப்புணர்வுக் கருத்தரங்கு வைப்பம், பதாகையும் அடிக்கலாம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எழும்பினேன்.

"ஐயா, கருத்தரங்குக்கு வாறது பள்ளிக்கூடம் போற பிள்ளைகள். என்ர பதிவேட்டில இருக்கிறது போகாத பிள்ளைகள்."

பிறகு தொடர்ந்து கதைத்தேன். என்ன ஒழுங்கில் என்று ஞாபகம் இல்லை. டிப்போ அதிகாரி இடைமறித்தார். "ஆக்கள் இல்லாத பாதை தங்கச்சி. வெறும் பஸ் ஓட்ட ஏலாது."

படிப்பு நின்று வீட்டில் நிற்கிற பெண்பிள்ளைகளின் பட்டியலை வாசித்தேன், வீடு வீடாகப் போனபோது குறித்தது. பெயர் இல்லாமல், ஊரும் வகுப்பும் மட்டும். பத்தாம் ஆண்டு. பத்தாம் ஆண்டு. பதினோராம் ஆண்டு, கணிதத்தில் முதலாவதாக வந்தவள். பாதிப் பக்கம் முடிய முன்னமே, "விளங்குது, விளங்குது" என்றார்.

தலைமை தாங்கிய அம்மா அவர் பக்கம் திரும்பி, "எப்ப விடுறீங்கள்?" என்று மட்டும் கேட்டா.

"இந்த மாத முடிவுக்குள்ள. மூண்டு மாதம் ஓட்டிப் பாப்பம்."

அதிபர்கள் போன் எடுப்பதற்கும் சம்மதம். பாடத்தைப் பற்றிக் கேட்டதற்கு மறுமொழி இல்லை. அதை விடமாட்டேன்.

தேநீர் நேரம் கிண்ணியா மருத்துவமாது பரீதா என் கையைப் பிடித்தா. "எங்கட ஊருக்கும் சேத்துத்தான் கதைச்சிருக்கிறீங்க."

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன்.

"சத்தமாக் கதைச்சனீயோ?"

"ஓம்."

மீன் குழம்பில் உப்புக் கூடிவிட்டது. அவர் இரண்டாம் தரமும் சோறு போட்டார். பெருமையாக இருக்கிறது. எழுதக் கூச்சம். ஆனாலும் எழுதிவிட்டேன்.

செப். 15, திங்கள்

தர்சினி வீடு. பஸ் வரப்போகிறது என்றேன். "வந்தாப் பாப்பம்" என்றா அம்மா. மதுரா பின்னால் நின்று சீருடையை உதறிக்கொண்டிருந்தாள். தோள் இறுக்கமாம். இடம் பார்த்த ஆட்களுக்கு இன்னும் மறுமொழி சொல்லவில்லை.

செப். 29, திங்கள்

காற்று இல்லை. 6.10க்கே சந்தியில் நின்றேன். எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை.

6.40க்கு பஸ் வந்தது. பத்து நிமிடம் சுணக்கம், கதவு ஒரு பக்கம் ஆடுகிறது, ஆனால் வந்தது. பெண்பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு ஏறினார்கள். மதுரா கடைசியாக. சாரதி அவளைப் பார்த்து, "கெதியா ஏறுங்கோ பிள்ளை, இனி ஒவ்வொரு நாளும் வரத்தானே போறன்" என்றார்.

மதுராவின் அம்மா பஸ் மறையுமட்டும் பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னா: "அந்த இடத்துக்கு ஏலாது எண்டு சொல்லியாச்சு. படிக்கட்டும்."

அவவுக்குப் பக்கத்தில் தர்சினி, இடுப்பில் பிள்ளை.

"பிள்ளை பெத்தாக்களும் இதில போகலாமோ, மிஸ்?"

போகலாம் என்றேன். சட்டத்தில் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அந்த இடத்திலேயே அதிபருக்குப் போன் எடுத்தேன். முதலில் இருமினார். "அம்மாவோட நாளைக்கு வரச்சொல்லுங்கோ. கதைப்பம்."

தர்சினியிடம் சொன்னேன். பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள்.

"எந்த வகுப்பில இருத்துவினம்?"